மொட்டைக் கொம்பில் முதல் இடம்

குளத்தங்கரை வாகை மரத்தில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் குடியிருந்தது. தவிட்டுக்குருவிகளைப் பற்றித் தெரியுமில்லையா? வாயை மூடி இருக்கத் தெரியாத பிறவிகள். புழு கிடைத்தால் கத்தும். கிடைக்காவிட்டால் அதைவிடக் கத்தும். சண்டையிலும் சத்தம், சமாதானத்திலும் சத்தம். பக்கத்துப் புளியமரப் பொந்தில் பகலெல்லாம் தூங்கப் பார்க்கும் ஆந்தை, "இதுகளுக்குத் தொண்டை வலிக்கவே வலிக்காதா?" என்று தலையில் அடித்துக்கொள்ளும்.

ஆனால் ஆண்டவன் அவற்றுக்கு அந்தச் சத்தத்தைத்தான் காப்பாகக் கொடுத்திருந்தான். கூட்டமாகத் தரையில் மேயும்போது ஒன்று மட்டும் மேலே காவல் இருக்கும். அதற்கு நெஞ்சு திக்கென்றால் போதும், யோசிக்காமல் "கிறீச்!" என்று கத்தும். அடுத்த நொடி அத்தனையும் புதருக்குள்! சில நாள் வெறும் சருகு அசைந்ததற்கும் கத்திவிடும். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. "பூனை இல்லையாம், சருகாம்!" என்று சிரித்துவிட்டு மறுபடி மேயப் போகும்.

பொழுது சாய்ந்ததும் இன்னொரு வழக்கம். அடைவதற்கு முன் ஒவ்வொரு குருவியும் ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். தாய்க்குருவிகள் சத்தத்தை எண்ணித்தான் பிள்ளைகளை எண்ணும். எண்ணி முடித்து, "இன்னிக்கும் எல்லாம் வந்து சேர்ந்துச்சு சாமி" என்று சொன்ன பிறகுதான் இறக்கைக்குள் தலையை வைக்கும்.

பேர் வைப்பதிலும் வழக்கம் உண்டு. எந்தச் செடியில் கண் திறந்ததோ அந்தச் செடியின் பேர்தான் குஞ்சுக்கு. நொச்சிப் புதரில் பொரித்த குஞ்சுக்கு நொச்சி என்று பேர். அதற்கு அடுத்துப் பிறந்த தங்கை துத்தி. இன்னும் சரியாகப் பறக்க வராத பொடிசு அது. அக்கா நொச்சி எங்கே போனாலும் தத்தித் தத்திப் பின்னாலேயே வரும்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் அக்கரை வறண்டுபோய், அங்கிருந்து ஒரு குடும்பம் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றது.

"உன் பேரு என்ன?" என்று கேட்டது பூளை என்ற குருவி.

"கருங்கல்!"

"அப்படி ஒரு செடி கிடையாதே?"

"செடியில பொரிக்கிறது உங்களை மாதிரி மெத்துமெத்துப் புள்ளைங்க. நான் கருங்கல் மேல பொரிஞ்சவன்!"

பாறையில் முட்டை எப்படி நிற்கும், உருண்டு விழாதா என்று ஒன்றுக்காவது கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. பெரிய பேச்சைக் கேட்டால் சின்ன மூளை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்!

ஒரு விஷயம் மட்டும் நொச்சிக்கு வேடிக்கையாக இருந்தது. கருங்கல்லின் அம்மா கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாலே போதும், பேரின் முதல் எழுத்து வெளியே வருவதற்குள், "வந்துட்டேன்மா! வந்துட்டேன்மா!" என்று அது பறந்துபோய் நிற்கும். "எவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற புள்ளை!" என்று மற்ற தாய்க்குருவிகள் மெச்சிக்கொண்டன.

வாகை மரத்தில் பட்டுப்போன கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஓர் இலைகூடக் கிடையாது. கருங்கல் போய் அதன் நுனியில் உட்கார்ந்தது.

"இனிமே நம்ம வயசுப் புள்ளைங்க எட்டுப் பேரும் இங்கதான். முதல் இடம் எனக்கு. அழுதா ஒரு இடம் கீழே. பயந்து கத்தினா ஒரு இடம் கீழே. கெக்கெக்கேன்னு சிரிச்சாலும் கீழேதான்! கல்லு மாதிரி இருக்கிறவன்தான் மேலே வரலாம்."

"பசிச்சா?" என்று கேட்டது நொச்சி.

"பசிக்குதுன்னு சொன்னா ரெண்டு இடம்!"

"ஆகா! என்ன அறிவுண்ணே உங்களுக்கு!" என்றது பூளை. எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒரு பூளை இருக்கும். காற்றடிக்கிற பக்கம் பறக்கிற பஞ்சு.

பாவம், நொச்சி! அதற்கு மனசில் இருப்பது முகத்தில் தெரியும், முகத்தில் தெரிவதற்குள் வாயில் வந்துவிடும். புழு நழுவினால் கண் கலங்கும். மேகம் கறுத்தால் குதிக்கும். அடுத்தவருக்கு முள் குத்தினால் அவரை முந்திக்கொண்டு இது, "ஐயோ!" என்னும். இரண்டே நாளில் அது எட்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. அந்த இடம் அடிமரத்தை ஒட்டியது. செவ்வெறும்புகள் சாரை சாரையாக ஏறுகிற வழி.

"அழுமூஞ்சி நொச்சி, அடிக்கொம்புப் பச்சி!" என்று பூளை பாட்டே கட்டிவிட்டது. மற்ற ஆறும் கூடவே பாடின. பாடும்போது சிரிக்கக்கூடாது என்பதால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பாடின. கண்றாவி!

ஒரு நாள் ஆவாரை என்ற குருவியின் காலை எறும்பு பிடித்துக்கொண்டது. கால் பருத்து வீங்கியது.

"ஐயையோ, ரொம்ப வலிக்குதா ஆவாரை?" என்று நொச்சி பதறியது.

"எனக்கு எதுவும் வலிக்கல. நீ போடி!"

சொல்லிவிட்டு ஆவாரை அத்திமரத்து இலை மறைவுக்குப் போனது. அரை நாழிகை குலுங்கிக் குலுங்கி அழுதது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தன் இடத்தில் கல்லாக உட்கார்ந்தது. கருங்கல், "சபாஷ்!" என்றது. அந்த அத்திமர இலை மறைவுக்கு நாளுக்கு ஒன்றாக எல்லாமே போய்வந்தன. கருங்கல்லும் போய்வந்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நொச்சிக்கு மட்டும்தான் அது தெரியாது. தான் ஒருத்திதான் உலகத்திலேயே அழுமூஞ்சி என்று அது நம்பிவிட்டது.

'எனக்கும் மேலே ஓர் இடம் வேணும்' என்று தீர்மானம் பண்ணியது. விழுங்கப் பழகியது. அழுகை வந்தால் விழுங்கியது. சிரிப்பு வந்தால் விழுங்கியது. திக்கென்றால் அதையும் விழுங்கியது. முதல் நாள், விழுங்கியதெல்லாம் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. ஐந்தாம் நாள் உறுத்தவில்லை. உறுத்தாமல் போனதை அந்தப் பேதை பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டது!

அன்று பொழுது சாய்ந்தது. தாய்க்குருவி எண்ண ஆரம்பித்தது. "ஒண்ணு குறையுதே! சாமி, என் நொச்சி எங்கே?" என்று பதறி, மங்கல் வெளிச்சத்தில் கிளை கிளையாகத் தாவி, ஒவ்வொரு தலையையும் அலகால் தொட்டுப் பார்த்தது.

"இங்கேதானேடி இருக்கே! ஒரு சத்தம் குடுத்தா என்ன?"

"நான் இன்னும் சின்னப் புள்ளையாம்மா?"

"சத்தம் குடுக்காத புள்ளையை நான் எப்படிடி எண்ணுவேன்?"

நொச்சி இறக்கைக்குள் தலையை வைத்துக்கொண்டது. அடுத்த நாளும் சத்தம் கொடுக்கவில்லை. அம்மா தினமும் தொட்டுப் பார்த்தே எண்ண வேண்டியதாயிற்று.

துத்திதான் பெரிய தொந்தரவாக இருந்தது. "அக்கா, முள்ளு! அக்கா, பூச்சி! அக்கா, பசிக்குது!" என்று எல்லார் முன்னாலும் கூவிக்கொண்டே வந்தது. மேலே இருந்து பூளை, "அழுமூஞ்சி குடும்பம் வருதுடோய்!" என்று கத்தியது.

நொச்சி தங்கையை ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனது.

"உஷ்! உன்னால என் மானம் போகுது. என்ன நடந்தாலும் கத்தக்கூடாது. கல்லு மாதிரி இருக்கணும். தெரிஞ்சுதா?"

"கல்லு எப்படி இருக்கும் அக்கா?"

"வாயே இல்லாம இருக்கும்."

அக்கா சொன்னால் துத்திக்கு வேதவாக்கு. அது அலகை இறுக்கி மூடிக்கொண்டது.

நொச்சி ஏறிக்கொண்டே போனது. ஏழாவது, ஐந்தாவது, மூன்றாவது. ஒரு வாரத்தில் கருங்கல்லுக்குப் பக்கத்தில், இரண்டாவது இடம்! "நொச்சியக்கா, நீங்க பெரிய ஆளு!" என்றது பூளை. பாட்டுக் கட்டிய அதே வாய்.

முதல் மழை பெய்து ஓய்ந்தது. அக்கரையில் ஈசல் புகையாகக் கிளம்பியது. பெரிய குருவிகளுக்கு நாக்கில் நீர் ஊறியது. துத்தியோடு சேர்த்துப் பொடிசுகள் நாலு, அவற்றால் குளத்தைத் தாண்டிப் பறக்க முடியாது. அதனால் நொச்சியின் அம்மா மொட்டைக் கொம்புக்கு வந்தது.

"புள்ளைங்களா, முதல் தடவையா காவலை உங்ககிட்ட விட்டுட்டுப் போறோம். கீழே நாலு பொடிசும் மேயுது. நெஞ்சு திக்குன்னா ஒரு சத்தம் போடுங்க, அக்கரைக்குக் கேட்கும். ஒரே பறப்புல வந்துருவோம்."

"நாங்க இருக்கோம். நீங்க கவலைப்படாமப் போங்க!" என்றது கருங்கல்.

எட்டும் வரிசையாக உட்கார்ந்தன. எட்டும் கல். பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டியதுதான்!

கொஞ்ச நேரத்தில் எதிரே நின்ற பனைமரத்தில் ஒரு நிழல் வந்து இறங்கியது. வல்லூறு.

நொச்சிக்கு நெஞ்சு திக்கென்றது. வழக்கம்போல விழுங்கியது. ஓரக்கண்ணால் பார்த்தது. கருங்கல்லின் நகம் கொம்பைக் கவ்வியிருந்தது. வல்லூறை அது பார்த்துவிட்டது! இந்தப் பக்கம் திரும்பினால் ஆவாரையின் கழுத்து இறகு சிலிர்த்து நின்றது. அதுவும் பார்த்துவிட்டது! பூளை அலகைத் திறந்தது, அக்கம்பக்கம் பார்த்தது, மூடிக்கொண்டது. யாராவது ஒருவர் கத்தட்டும், நாம் ஏன் இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் அடுத்ததைப் பார்த்தது. எட்டு ஜோடிக் கண் இருந்தது. எட்டுத் தொண்டை இருந்தது. வல்லூறுக்கு இதைவிட நல்ல காவல் கிடைக்குமா?

கீழே மூன்று பொடிசுகள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன. துத்தி மட்டும் சற்றுத் தள்ளி, ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. நொச்சி உற்றுப் பார்த்தது. கொடியில் கால் சிக்கியிருக்கிறது! இழுக்க இழுக்க இறுகுகிறது. ஆனால் துத்தி கத்தவில்லை. அலகை இறுக்கி மூடிக்கொண்டு மேலே அக்காவைப் பார்த்தது. 'நான் கல்லு மாதிரி இருக்கேனா அக்கா?' என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

வல்லூறு பனையை விட்டுக் கிளம்பியது.

நொச்சி அலகைத் திறந்தது. காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தது. காய்ந்த இலை உரசுவதுபோல ஒரு சத்தம். ஒரு வாரமாக விழுங்கியதெல்லாம் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது. 'சாமி! எனக்கு இந்த இடம் வேண்டாம். எந்த இடமும் வேண்டாம். என் சத்தத்தைக் குடு!' என்று நெஞ்சுக்குள் கதறியது.

"கிறீஈஈச்!"

வாகை மரம் அதிர்ந்தது. மூன்று பொடிசுகள் புதருக்குள் பாய்ந்தன. "துத்தி! இழுடி! இழுடீ!" என்று நொச்சி அலறிக்கொண்டே கீழே பாய்ந்தது. துத்தி இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தது. கால் வந்தது. ஒரு விரல் கொடியிலேயே நின்றுவிட்டது. வல்லூறின் நகத்தில் இரண்டு இறகு மட்டும் சிக்க, பொடிசு உருண்டு முள்ளுக்குள் போய்விட்டது.

வல்லூறுக்குக் கோபம். தலையை நிமிர்த்திப் பார்த்தது. மொட்டைக் கொம்பில் இருந்த ஆறும் அதற்குள் இலைக் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்துவிட்டன. நுனியில் கருங்கல் மட்டும் இருந்தது. உச்சி இடம்தான்! ஆனால் ஒளிந்துகொள்ள ஓர் இலை உண்டா? எட்டு ஊருக்குத் தெரிகிற மாதிரி அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

வல்லூறு மேலே எழும்பி அதன் வாலைக் கவ்வியது. கருங்கல் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. சித்திரை மாதத்துக் குளம் மாதிரி வறண்டு கிடந்தது அந்தத் தொண்டை. அலகை மட்டும் திறந்து திறந்து மூடியது.

அதற்கும் நொச்சிதான் கத்த வேண்டியிருந்தது. "கிறீச்! கிறீச்! கருங்கல்லைப் பிடிச்சிடுச்சு! ஓடி வாங்க!" தன்னை அழுமூஞ்சி என்று பாடியவன் இவன் என்பதெல்லாம் அப்போது அதற்கு நினைவில் இல்லை.

அக்கரையிலிருந்து பெரிய குருவிகள் புழுதிக் காற்றுப்போல வந்தன. இருபது தொண்டைகள் ஒன்றாகக் கத்தினால் வல்லூறு என்ன, வானமே விலகும். தலையில் ஒன்று கொத்தியது, கண்ணுக்கு நேரே இரண்டு பாய்ந்தன. வல்லூறு வால் இறகை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டது.

எல்லாம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் கருங்கல்லுக்கு அழுகை வந்தது. வந்தது என்றால் அப்படி ஒரு அழுகை! ஒரு கோடைக்குச் சேர்த்து வைத்தது மொத்தமும் மடை உடைந்து கொட்டியது. அதன் அம்மா பறந்து வந்து இறக்கையால் போர்த்திக்கொண்டது.

"ஐயோ என் ராசா! என் கண்ணே! என் தொட்டாச்சிணுங்கி!"

இந்தத் தடவை பேரை மறிக்க அதனால் முடியவில்லை.

"என்னது? என்ன பேரு?" என்று பூளை கழுத்தை நீட்டியது.

"என் புள்ளை பேருதான். காத்துல கூடு சரிஞ்சு, முட்டை உருண்டு தொட்டாச்சிணுங்கிச் செடியில விழுந்துச்சு. இது பட்டதும் செடி இலையை மூடி அணைச்சுக்கிச்சு. அந்தச் செடி அப்படி அணைக்கலேன்னா இவன் ஏதுடா? சாமி குடுத்த பேரு!" என்றது அந்தத் தாய் வெள்ளந்தியாக.

பூளை விழுந்து விழுந்து சிரித்தது. "கருங்கல்லாம் கருங்கல்! தொட்டாச்சிணுங்கிடோய்!" மற்றவையும் சேர்ந்துகொண்டன. ஒரு மணி நேரம் முன்னால் அண்ணே அண்ணே என்று வாலைப் பிடித்துத் திரிந்தவை. இப்போது அந்த வால் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை!

நொச்சி சிரிக்கவில்லை. துத்தியின் காலை அலகால் நீவிவிட்டுக்கொண்டிருந்தது. "நான் கத்தவே இல்லையே அக்கா, பார்த்தியா?" என்று துத்தி கேட்டது. நொச்சி அழுதது. எல்லார் முன்னாலும், விழுங்காமல், சத்தமாக அழுதது. "கத்துடி. இனிமே நீ கத்தணும். நான் சொன்னது தப்பு."

அன்று பொழுது சாய்ந்ததும் தாய்க்குருவி எண்ணியது. நொச்சி ஒரு சத்தம் கொடுத்தது. இன்னொன்றும் கொடுத்தது. இன்னொன்றும்.

"ஒண்ணு போதாதாடி?"

"குடுக்காம விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்தும்மா."

"சரி, போதும். எண்ணிக்கை தப்புது!" என்று அம்மா அதன் தலையை அலகால் தொட்டது.

இத்தோடு அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்ததா? மறுநாள் விடிந்ததும் மொட்டைக் கொம்பில் ஒரே ஒப்பாரி! "நேத்து நான்தான் ரொம்பப் பயந்தேன்!" என்றது ஆவாரை. "நீ பயந்தது ஒரு பயமா? எனக்கு ஈரக்குலையே நடுங்கிச்சு!" என்றது இன்னொன்று. பூளை பனித்துளியில் முகத்தை முக்கி எடுத்துக்கொண்டு வந்து, கண்ணீர் வடிகிறது பார் என்று காட்டியது. இனி அழுகிறவர்களுக்குத்தான் மேலே இடமாம். புதுச் சட்டம்! நேற்று அழாமல் இருக்கப் போட்டி, இன்று அழுவதற்குப் போட்டி.

"நொச்சியக்கா, வாங்க! முதல் இடம் உங்களுக்குத்தான்!" என்று பூளை குழைந்தது.

"அந்தக் கொம்புல ஒரு இலைகூட இல்லையே பூளை. அங்க உட்கார்ந்து நான் என்ன பண்ணப் போறேன்? நீயே உட்கார்ந்துக்க. முகம் காய்ஞ்சிடுச்சு பாரு, போய் இன்னொரு தடவை முக்கிட்டு வா."

நொச்சி தாழ்ந்த இலைக்கிளை ஒன்றில் துத்தியை ஒட்டி உட்கார்ந்தது. சற்று நேரத்தில் தொட்டாச்சிணுங்கி அங்கே வந்தது. வால் இல்லாததால் கிளையில் நிற்கத் தடுமாறியது.

"இங்க... எனக்கு எத்தனாவது இடம்?" என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டது.

"இங்க அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எறும்பு மட்டும் வரும். கடிச்சா சொல்லு, தட்டிவிடுறேன்."

தொட்டாச்சிணுங்கி ஒடுங்கி உட்கார்ந்தது. நெளிந்தது. துத்தியைப் பார்த்தது, நொச்சியைப் பார்த்தது.

"கடிக்குது," என்றது.

உள்ளதை விழுங்கி வாங்கிய பெருமையும் இல்லாததை நடித்து வாங்கிய பெருமையும் ஒரே மொட்டைக் கொம்புதான், பிள்ளைகளே. நெஞ்சில் உள்ளதை உள்ளபடி சொல்லும் வாய்தான் தனக்கும் துணை, தன் கூட்டத்துக்கும் காவல்.